360 ரூபா வித்தியாசம்

கணக்கு எழுத வர்றவனுக்கு முதல் வருஷத்துலயே யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிக் குடுத்துடுவார். ரெண்டு தொகைக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒன்பதால மிச்சமில்லாம வகுபட்டுச்சுன்னா, பெரும்பாலும் எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கு. 84-ஐ 48-ன்னு எழுதியிருப்போம், வித்தியாசம் 36. 61-ஐ 16-ன்னு எழுதியிருப்போம், வித்தியாசம் 45. எந்த எண்ணை வேணா திருப்பிப் போட்டுக் கழிச்சுப் பாருங்க, ஒன்பதுலதான் வந்து நிக்கும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தவர் நான் முதல்ல வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்த ஒரு பழைய குமாஸ்தா. வாய்க்குள்ள வெத்தலையை அடக்கிக்கிட்டு, "முதல்ல ஒன்பதால வகுத்துப் பாருடா, அப்பறம் அழு"ன்னார்.

2022 செப்டம்பர் முதல் வாரம். மதுரை கீழமாசி வீதியில வத்தல், மல்லி, பருப்பு, புளின்னு மொத்த வியாபாரம் பண்ற ஒரு கடை. மாடியில என் மேஜை. ஆகஸ்ட் மாசக் கணக்கை முடிக்கணும்னு ராத்திரி எட்டரை வரைக்கும் உக்காந்திருந்தேன். லாரி செட்டுக்காரங்க அனுப்பின ஸ்டேட்மென்ட்டை நம்ம பேரேட்டோட ஒத்துப் பார்த்தா, அவங்க கேக்குறதுக்கும் நாங்க குடுக்கணும்னு எழுதி வச்சிருக்கிறதுக்கும் 360 ரூபா இடிக்குது. மூணும் ஆறும் ஒன்பது. கண்ணுல பட்ட நிமிஷமே தெரிஞ்சு போச்சு, ஏதோ ஒரு வாடகை பில்லுல நூறும் பத்தும் இடம் மாறியிருக்கு. மொத்தம் முப்பத்தொண்ணு பில்லு. பத்து நிமிஷச் சோலி.

நான் தேடலை. வித்தியாசத்தைச் சரிக்கட்ட 'லாரி வாடகை வித்தியாசம் 360'ன்னு ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டு, என்டரைத் தட்டிட்டு, கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேரை மூடிட்டு, டீ குடிக்க இறங்கிப் போயிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் என்னை வையலை. சம்பளம் பாக்கி இல்லை. முதலாளி கோவமா பேசலை. ஆனா நான் அந்த வேலையை விட்ட நாள் எதுன்னு கேட்டா, ராஜினாமா குடுத்த நாளைச் சொல்ல மாட்டேன், இந்த ராத்திரியைத்தான் சொல்லுவேன். கடையை விட்டு உடம்பு வெளிய வர அதுக்கப்பறம் பதினாலு மாசம் ஆச்சு. அது வேற கதை, அதையும் சொல்றேன்.

அன்னைக்கு ஆவணி மூலத் திருவிழா நடந்துட்டு இருந்த சமயம். டீக்கடையில ரெண்டு லோடுமேன் அண்ணனுங்க புட்டுக்கு மண் சுமந்த லீலையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. மதுரைக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மத்தவங்களுக்காக: வைகையில வெள்ளம், வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வரணும்னு பாண்டியன் உத்தரவு. ஆள் இல்லாத வந்திக் கிழவிக்கு சொக்கநாதரே கூலியாளா வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியா வாங்கித் தின்னுட்டு, வேலை செய்யாம தூங்கிட்டார். ராஜா பிரம்பால அடிச்சார், அடி ஊர்ல எல்லார் முதுகுலயும் விழுந்துச்சு. சாமி ஒரு கூடை மண்ணைக் கொட்டிட்டு மறைஞ்சுட்டார், கரை அடைபட்டுச்சு. ஒரு அண்ணன் சொன்னார், "அவருக்கென்னப்பா, ஒருநாள் வேலை. அடி விழுந்ததும் கூடையைப் போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. நமக்கு நாளைக்கும் லோடு இருக்கு." நானும் சேர்ந்து சிரிச்சேன். டீ ஆறிப்போய் இருந்துச்சு, அதையும் குடிச்சேன்.

அதுக்கு முன்னாடி நான் வேலையை விடணும்னு நினைச்சதே இல்லையான்னா, நிறைய தடவை நினைச்சிருக்கேன். எதுவும் நிஜமில்லை.

2009 பிப்ரவரியில சேர்ந்தேன். அப்ப எனக்கு 27 வயசு. கடையில டேலி 7.2 ஓடிக்கிட்டு இருந்துச்சு. முதல் ரெண்டு மாசம் கணக்கை விட வத்தல் நெடிதான் பெரிய பிரச்சினை. கீழ குண்டூர் வத்தல் மூட்டையைப் பிரிச்சா மாடியில நான் தும்முவேன். முண்டு வத்தல் வந்தா கண்ணு எரியும். சட்டையைத் துவைச்சாலும் நெடி போகாது, ஒய்ஃப் என் துணியைத் தனியா ஊற வைப்பா. அந்த மூணாவது மாசமே ஓடிறலாம்னு நினைச்சேன். அது மூக்கு சம்பந்தப்பட்ட விஷயம், பழகிப் போச்சு.

2012-ல ஒரு பார்ட்டிக்கு ரெண்டு தடவை பில் போயிருச்சு. அண்ணாச்சி (முதலாளியை நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தப் பார்ட்டி முன்னாடியே என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டார். அன்னைக்கு சாவியை மேஜையில வச்சுட்டு நடந்தேன். விளக்குத்தூண் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். திரும்பினதுக்குக் காரணம் ரோஷம் ஆறினது இல்லை. அந்த ரெட்டை பில் எப்படி விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்காம எனக்கு இருப்புக் கொள்ளலை. வந்து உக்காந்து தேடினா, பழைய பில் புக்கும் கம்ப்யூட்டர் பில்லும் ஒரே சமயத்துல ஓடினதுல வந்த குழப்பம். அடுத்த வாரமே பில் புக்கை ஒழிச்சோம். வசவு வாங்கினது மறந்து போச்சு, பில் புக்கை ஒழிச்சது இன்னைக்கும் பெருமையா இருக்கு.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னாங்க. மறுநாள் இருந்து டிசம்பர் கடைசி வரைக்கும் நான் வீட்டுக்கு வந்தது தூங்கறதுக்கு மட்டும்தான். மொத்த வியாபாரத்துல பாதிக்கு மேல ரொக்கம் புரள்ற தெரு அது. எந்தப் பார்ட்டி எந்த நோட்டுல குடுத்தான், எந்தத் தேதிக்கு முன்னாடி குடுத்தான்னு ஒவ்வொண்ணுக்கும் எழுத்து வேணும். 'இந்தப் பொழப்பு வேணுமா'ன்னு தினமும் கேட்டுக்கிட்டேன்.

அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. வத்தலுக்கு 5 சதவீதம், மூட்டையில வர்ற பருப்புக்கு வரி இல்லை, அதே பருப்பு பதிவு செஞ்ச பிராண்ட் பேரு போட்ட பையில வந்தா 5. சைட்டு தொங்கும். கடைசித் தேதி தள்ளிப் போகும், தள்ளிப் போனது நமக்குத் தெரியறதுக்குள்ள மறுபடி தள்ளிப் போகும். ராத்திரி ஒரு மணிக்கு சர்வர் காலியா இருக்கும்னு நம்பி அலாரம் வச்சு எந்திரிச்சு ரிட்டர்ன் போட்டிருக்கேன். ஆனா சொன்னா நம்ப மாட்டீங்க, என் வேலைக் காலத்துலயே நான் நல்லா இருந்த வருஷம் அதுதான். தெருவுல நாலு கடைக்காரங்க சந்தேகம் கேக்க மாடிப்படி ஏறி வருவாங்க. அண்ணாச்சி பெருமையா, "நம்ம தம்பிட்டக் கேளுங்க"ன்னுவார். உடம்பு நொந்து போச்சு, மனசு நல்லா இருந்துச்சு.

அதனாலதான், வேலை அதிகமா இருக்கு, விட்டுறலாமான்னு யாராவது கேட்டா எனக்கு உடனே பதில் வர்றதில்லை. அலுப்புங்கிறது ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டுத் தூங்கினா பாதி போயிரும். எனக்கு 2022-ல வந்தது தூங்கினா போற சாதி இல்லை.

அந்த வருஷம் ஜூலை 18-ல இருந்து வரி விதி மறுபடி மாறுச்சு. பிராண்ட் இருக்கோ இல்லையோ, 25 கிலோ வரைக்கும் பையில அடைச்சு லேபிள் ஒட்டி வித்தா அரிசி பருப்புக்கு 5 சதவீதம். அதுக்கு மேல போனா வரி இல்லை. உடனே 26 கிலோ அரிசிப் பை வந்துருச்சு, ஞாபகம் இருக்கா? தெருவே அதைப் பத்திப் பேசிச் சிரிச்சுச்சு. 2017-ல இருந்த நானா இருந்தா அறிவிப்பை அச்செடுத்து, அடிக்கோடு போட்டு, எந்தச் சரக்குக்கு எந்த மாதிரின்னு ஒரு அட்டவணை போட்டு சுவத்துல ஒட்டியிருப்பேன். இந்தத் தடவை ஆடிட்டருக்குப் போன் போட்டேன், அவர் சொன்னதை அப்படியே மாத்தி எழுதினேன். ஏன்னு ஒரு கேள்வி கேக்கலை. இது நடந்து ஒன்றரை மாசத்துல அந்த 360 ரூபா.

என் ஒய்ஃப்புக்கு இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. பழங்காநத்தத்துல வீட்டு மாடியிலேயே தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறா. ஒருநாள் காஜா எடுத்துக்கிட்டே, தலையை நிமித்தாம கேட்டா, "ஏங்க, இப்பல்லாம் கடையைப் பத்திப் புலம்புறதே இல்லையே நீங்க?"

"நல்லதுதானே?"

"என்னமோ. முன்னாடி வந்ததும் வராததுமா அந்த பார்ட்டி ஏமாத்திட்டான், இந்த பில் வரலைன்னு கத்துவீங்க. இப்ப வந்து செல்லைப் பார்க்குறீங்க. யாரோ வீட்டு வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க."

யாரோ வீட்டு வேலை. பதிமூணு வருஷம் 'நம்ம கடை'ன்னு சொல்லிக்கிட்டு இருந்த வாய் எனக்கு. அவகிட்ட அன்னைக்குத்தான் 360 ரூபா விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஒன்பதால வகுக்கிற கணக்கெல்லாம் புரியலை, ஆனா உதாரணம் கரெக்டா சொன்னா. "கழுத்துப்பட்டி கோணலா தைச்சிருக்குன்னு தெரிஞ்சும் பிரிக்காம ஹெம்மிங் பண்ணிக் குடுக்கிற மாதிரி." ஆமா, அதேதான்.

சரி, தெரிஞ்சப்பறம் ஏன் பதினாலு மாசம்? மக பத்தாம் வகுப்பு, 2023 ஏப்ரல்ல பரீட்சை. அதுவரைக்கும் வீட்டுல எந்த ஆட்டமும் வேண்டாம்னு முடிவு. அது சுலபமான காரணம். கஷ்டமான காரணம் வேற.

2015-ல எங்கப்பாவுக்கு ஆபரேஷன். அண்ணாச்சி எண்பதாயிரம் குடுத்தார். நான் கேக்கலை, மேஜையில கவரை வச்சுட்டுக் கீழ போயிட்டார். வட்டி கிடையாது. மாசம் ரெண்டாயிரமா நாப்பது மாசம் பிடிச்சார். அந்தப் பிடித்தத்தை மாசா மாசம் சம்பளப் பட்டியல்ல எழுதினதும் நான்தான். கடைசி மாசம் எழுதி முடிச்சப்போ அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுட்டு, "முடிஞ்சுச்சாப்பா?"ன்னு கேட்டார். முடிஞ்சுச்சு அண்ணாச்சின்னேன். பணம் முடிஞ்சுச்சு. அந்தக் கவர் மேஜையில விழுந்த சத்தம் முடியலை. அவர் வீட்டு உப்பைத் தின்னுட்டு எப்படிப் போறதுன்னு நான் மட்டும் இல்லை, எங்கம்மாவும் கேட்டாங்க. மாமனார் கேட்டார். ஊரே கேட்டுருமோன்னு இருந்துச்சு.

அப்பா மட்டும் கேக்கலை. அவர் ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லுல வேலை பார்த்தவர். மில் தள்ளாடுதுன்னு தெரிஞ்சு பாதிப் பேர் முன்னாடியே வேற இடம் பார்த்துக்கிட்டாங்க. அவர் கடைசி வரைக்கும் இருந்தார், ஒருநாள் காலையில ஷிஃப்ட்டுக்குப் போனா கேட்டுல பூட்டு. டிபன் கேரியரோட திரும்பி வந்து, மத்தியானம் அதே சாப்பாட்டைத் திண்ணையில உக்காந்து சாப்பிட்டார். நான் அப்ப ஆறாவது. என் விஷயத்தைச் சொன்னதும், "அங்க பி.எஃப். ஒழுங்கா கட்டுவானா, அதைப் பாரு"ன்னார். அவ்வளவுதான் அவர் கருத்து.

பாத்தேன். மத்த எதுல முட்டாளா இருந்தாலும் இதுல நான் கொஞ்சம் கெட்டிக்காரன். வேலை தேடுறவங்க இதை அவசியம் செய்யணும். ஒரு கம்பெனியோட ஜி.எஸ்.டி. நம்பர் தெரிஞ்சா, ஜி.எஸ்.டி. வெப்சைட்டுல லாக்இன் இல்லாமலேயே அதைப் போட்டுத் தேடலாம், எந்த மாச ரிட்டர்னை எந்தத் தேதியில போட்டாங்கன்னு காட்டும். 20-ஆம் தேதி போட வேண்டியதை மாசா மாசம் அடுத்த மாசக் கடைசிக்கு இழுக்கிறவன், சம்பளத்தையும் இழுக்கத்தான் செய்வான். அதே மாதிரி பி.எஃப். வெப்சைட்டுல நிறுவனத்தோட பேரைப் போட்டா, மாசா மாசம் பணம் கட்டினாங்களா, எத்தனை பேருக்குக் கட்டினாங்கன்னு பார்க்கலாம். எனக்கு ஒரு இடத்துல 38,000 தர்றோம்னாங்க. ஏசி ரூம், நல்ல காபி எல்லாம் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து தேடினா ஒரு வருஷமா ஒரு ரிட்டர்ன் கூட நேரத்துக்குப் போகலை. அவங்க தேடினது அக்கவுண்டன்ட்டை இல்லை, தீயணைப்பு வண்டியை. வேண்டாம்னுட்டேன். கடைசியில அமைஞ்சது கப்பலூர் சிட்கோவுல ரப்பர் பாகம் பண்ற ஒரு கம்பெனி. 34,000. கடையில வாங்கினது 27,500.

இந்த 27,500-ல ஒரு உள்கதை இருக்கு. சொல்லக் கொஞ்சம் வெக்கமா இருக்கு, ஆனா சொல்லாம விட்டா பொய் எழுதின மாதிரி.

2014 செப்டம்பர்ல பி.எஃப்.புக்கான சம்பள உச்சவரம்பு 6,500-ல இருந்து 15,000 ஆச்சு. கடைக்குப் பி.எஃப். செலவு கூடுதேன்னு அண்ணாச்சி கவலைப்பட்டார். நான்தான் யோசனை சொன்னேன். எல்லாருக்கும் அடிப்படைச் சம்பளத்தைக் குறைச்சு எழுதி, மிச்சத்தை 'இதரப் படி'ன்னு போட்டுறலாம், எப்பவுமே 15,000-த்தைத் தாண்டாம பார்த்துக்கலாம்னு. அண்ணாச்சி, "தம்பி தம்பிதான்"னார். அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்கு ரெண்டாயிரம் கூடக் கிடைச்சுச்சு. ஒன்பது வருஷம் கழிச்சு, வேலையை விடும்போது தர்ற பணிக்கொடையை, அதான் என் கிராஜுவிட்டியை, நானே கணக்குப் போடுறேன். கடைசியா வாங்கின அடிப்படைச் சம்பளம், அதை 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். ஆறு மாசத்துக்கு மேல இருந்தா முழு வருஷம். எனக்கு 14 வருஷம் 9 மாசம், அப்ப 15. அடிப்படை 15,000. வந்தது 1,29,808 ரூபா. முழுச் சம்பளமும் அடிப்படையா இருந்திருந்தா 2,37,981 வந்திருக்கும். ஒரு லட்சத்து எட்டாயிரத்துச் சொச்சம், என் புத்திசாலித்தனத்துக்கு நானே கட்டின அபராதம். என்னுது போகட்டும். லோடு இறக்குறவங்க, பேக்கிங் பொம்பளைங்கன்னு இன்னும் பதினோரு பேர் அந்தப் பட்டியல்ல இருக்காங்க, அவங்க யாரும் என்கிட்ட யோசனை கேக்கலை.

பி.எஃப். விஷயத்துல இன்னொரு கூத்து. ஊருக்கெல்லாம் நான்தான் உபதேசம் பண்ணுவேன், வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துத் தின்னுடாதீங்க, புது இடத்துக்கு மாத்துங்க, பத்து வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல பென்ஷன் இருக்குன்னு. என்னுதை மாத்தலாம்னு பார்த்தா, 2009-ல நானே நிரப்பின ஃபாரத்துல பேருக்கு முன்னாடி இனிஷியல் மட்டும் இருக்கு, ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கு. நம்ம ஊர்ல ஆளாளுக்கு இந்த இனிஷியல் வியாதி உண்டு. அதைத் திருத்த அப்ப முதலாளி பக்கத்துல இருந்தும் ஒப்புதல் வேண்டியிருந்துச்சு. நல்லவேளை, கடையில இருக்கும்போதே கவனிச்சுட்டேன். வெளிய வந்தப்பறம் ஒரு இனிஷியலுக்காக மாடிப்படி ஏறி அண்ணாச்சி முன்னாடி நிக்கிற நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பேரு, பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூணையும் வேலையில இருக்கும்போதே சரி பார்த்துக்கோங்க.

அண்ணாச்சிகிட்ட சொன்னது 2023 செப்டம்பர் கடைசியில, ஒரு சனிக்கிழமை மத்தியானம். வருமான வரி ஆடிட் அறிக்கை போயிருச்சு, அக்டோபர் 31-க்குள்ள ரிட்டர்னும் போயிரும், அதோட கிளம்புறேன்னு சொல்லத் திட்டம். தீபாவளி நவம்பர் 12. 'பன்னெண்டு நாள் பொறு, போனஸை வாங்கிட்டு நட'ன்னு ஃபிரெண்டு சொன்னான். போனஸை வாங்கி பையில போட்டுக்கிட்டு மறுநாள் கடிதம் குடுக்க எனக்கு மனசு வரலை, அதுவும் இல்லாம கப்பலூர்ல நவம்பர் 1-க்கு வரச் சொல்லிட்டாங்க.

ஒரு வாரமா ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வாயில வரலை. "அண்ணாச்சி, நான் வேற இடம் பார்த்துட்டேன்"னேன்.

அவர் மல்லியை உள்ளங்கையில வச்சுத் தேய்ச்சு மோந்து பார்த்துக்கிட்டு இருந்தார். சாம்பிள். தேய்க்கிறதை நிறுத்தலை.

"எவ்வளவு தர்றான்?"

சொன்னேன்.

"நான் முப்பத்தஞ்சு தர்றேன்."

இதை நான் எதிர்பார்க்கலை. வீட்டுல, ஒய்ஃப்கிட்ட, அப்பாகிட்ட, கண்ணாடி முன்னாடி எல்லாம் பேசிப் பார்த்ததுல இந்த இடம் வரவே இல்லை. ஆயிரம் ரூபா கூட, கடை பக்கம், பெட்ரோல் மிச்சம். மேல மேஜை அப்படியே இருக்கு. சரின்னு சொல்ல வாய் திறந்தது நிஜம்.

"அண்ணாச்சி, போன வருஷம் லாரி செட்டுக் கணக்குல 360 ரூபா இடிச்சுச்சு. நான் தேடலை. என்ட்ரி போட்டு முடிச்சுட்டேன்"னேன். எதுக்கு அதைச் சொன்னேன்னு எனக்கே புரியலை. திருடிட்டேன்னு ஒத்துக்கிற மாதிரி இருந்துச்சு.

அவர் மல்லியைக் கீழ போட்டுட்டு முதல் தடவையா என்னை நிமிந்து பார்த்தார். அவரும் பதினாறு வயசுல அவங்க மாமா கடையில சிட்டை எழுத ஆரம்பிச்சவர். டேலி தெரியாது, ஆனா கணக்கு தெரியும்.

"முன்னூத்தி அறுபதா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒன்பதுல போகுமே."

"போகும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். கீழ யாரோ மூட்டை எண்ணிக்கை கத்தினாங்க. "சரி, போயிட்டு வா. சின்னவன்ட்ட நான் சொல்லிக்கிறேன்"னார். முப்பத்தஞ்சுங்கிற பேச்சை அதுக்கப்பறம் எடுக்கவே இல்லை. அவர் மகன் நல்ல பையன்தான், என்னை அங்கிள்னு கூப்பிடுவான், எனக்குப் பதிலா ஆள் தேடுறதுல அவன்தான் அலைஞ்சான்.

கப்பலூரைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை, எல்லா வேலையிடமும் மாதிரிதான். பழங்காநத்தத்துல இருந்து பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், தோப்பூர் வழியா பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர் வண்டி ஓட்டுறேன். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு போச்சு. நினைச்சா இறங்கிப் போய் டீ குடிக்கிற சுதந்திரம் போச்சு. சித்திரையில தேர் கீழமாசி வீதி தேரடிக்கு வந்து நிலை சேர்றதை மாடி ஜன்னல்ல இருந்து பார்ப்போமே, அது போச்சு, அதுக்கு மட்டும் உண்மையிலேயே வருத்தம். முதல் மூணு மாசம் நான் அங்க மக்கு. கடையில மூட்டை வரும், மூட்டை போகும், மாசக் கடைசியில மிச்ச மூட்டையை எண்ணினா ஸ்டாக். ஃபேக்டரியில அப்படி இல்லை. பாதி வெந்த ரப்பர், அச்சுல இருக்கிறது, ஓரம் வெட்டாதது, செக்கிங்ல தள்ளினது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை போடணும். அரைகுறையா நிக்கிற பொருளுக்கு என்ன விலைன்னு யாரும் என்னைக் கேட்டதே இல்லை. 26 வயசுப் பொண்ணு ஒண்ணு சொல்லித் தருது. "சார், இதை நேத்தே சொன்னேனே சார்"னு பொறுமையா சொல்லுது. நாப்பத்தோரு வயசுல நோட்டு போட்டு எழுதிக்கிட்டேன். ராத்திரி ஒய்ஃப்கிட்ட ஒரு மணி நேரம் புலம்பினேன். அவ மிஷினை நிறுத்தாம கேட்டுக்கிட்டு இருந்தா.

கடையில கடைசி வாரம், புது ஆளுக்கு ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு சாயந்திரம் தனியா உக்காந்து 2022 ஆகஸ்ட் லாரி பில்லுங்களை எடுத்தேன். பத்தொன்பதாவது பில். வாடகை 4,840. நான் எழுதியிருந்தது 4,480. சொன்ன மாதிரி பத்து நிமிஷம் கூட ஆகலை. பழைய என்ட்ரியை அடிச்சுட்டுச் சரியா எழுதலாம்னு போனா, அந்த வருஷக் கணக்கெல்லாம் ஆடிட் முடிஞ்சு கையெழுத்தாகி ஒரு மாசம் ஆச்சு. அதோட, பார்த்தா எழுதினது தப்பும் இல்லை. வாடகை 360 குறைவா விழுந்திருந்துச்சு, நான் வாடகையிலேயே 360 கூட்டியிருந்தேன். லாரிக்காரனுக்குப் போக வேண்டியது போயிருச்சு. மொத்தத்துல கணக்கு நயா பைசா பிசகாம நேரா நிக்குது. பில்லை மறுபடி ஃபைல்ல குத்தி வச்சேன்.

31-ஆம் தேதி, செட்டில்மென்ட். வவுச்சரை நானே அடிச்சேன், வாங்குறவர் பேருக்கு நேரா என் பேரை நானே எழுதினேன். ரெண்டு பக்கமும் நானே உக்காந்திருக்கிற மாதிரி ஒரு கூச்சம். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கிராஜுவிட்டித் தொகையைப் படிச்சார். 1,29,808. செக்குல 1,30,000-ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அண்ணாச்சி, 192 ரூபா கூட இருக்கு. எந்தக் கணக்குல எழுத?"

"எழுதாத, சும்மா வை. அடுத்து வர்றவன் தேடட்டும்"னுட்டு, மல்லி சாம்பிளைப் பார்க்கக் கீழ இறங்கிப் போயிட்டார்.